குக்கரிடம் சத்தியம் வாங்கியவர்

அவர் சத்தியம் வாங்குவதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு பிரஷர் குக்கரிடம்.

மட்டாஞ்சேரியில் அந்த வீட்டு மாடிக்கு நாங்கள் குடிவந்த வாரம். கீழ் வீட்டில் அவரும் மாமியும். நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். புது இடத்துக்குப் போனால் முதல் வேலையாக அக்கம்பக்கத்தாரின் ஆயுளை விசாரிப்பது என் வழக்கம். கையில் பையும் முகத்தில் சிரிப்புமாக உள்ளே நுழைந்தேன். நாலு முழ வேட்டி கட்டிய ஒரு மனிதர் அடுப்பிலிருந்த குக்கருக்கு நேராகக் குனிந்து, விரல் முட்டியால் அதன் பிடியை இரண்டு தட்டுத் தட்டி, “இவளை ஒண்ணும் பண்ணப்படாது, கேட்டயா? சத்தியம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

குக்கர் விசில் அடித்தது.

“பண்ணியாச்சு,” என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மாடிக்கு வந்திருக்கறவா தானே? வாங்கோ. உங்க மாடிப்படிகிட்டயும் நேத்தே சொல்லி வச்சுட்டேன்.”

இவருக்கு விற்க வேண்டிய பாலிசி எங்கள் கம்பெனியில் இல்லை என்று நினைத்தபடி சாயா குடித்துவிட்டுத் திரும்பினேன்.

விஷயம் பிறகு தெரிந்தது. மாமிக்கு வலிப்பு உண்டு. எப்போதோ ஒரு தடவைதான் வரும். ஆனால் சொல்லிக்கொண்டு வராது. தோசை வார்த்துக்கொண்டிருப்பாள், கரண்டி நழுவும், அடுத்த கணம் ஆள் தரையில் கிடப்பாள். அந்தக் கணத்தில் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் எதிரி. அடுப்பு, மேஜை முனை, அம்மிக்கல், கிணறு.

அதனால் அந்த வீட்டில் மேஜைக்கெல்லாம் முனையில் பழைய வேட்டிக் கிழிசல் சுற்றியிருக்கும், காயம்பட்ட சிப்பாய்கள் மாதிரி. குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கிணற்றின் மேல் கம்பி வலை. அடுப்பைச் சுற்றி அவரே வளைத்துப் பொருத்திய ஒரு தடுப்பு. முதலில் வேலையை முடிப்பார், அப்புறம்தான் சத்தியம் கேட்பார். வெறுமனே கும்பிட்டுவிட்டுப் போகிற ஆசாமி இல்லை. கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒயரைச் சரியாக முறுக்காமல் ஸ்விட்சிடம் வேண்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மாமி இதையெல்லாம் பார்த்து நெகிழ்ந்துபோகிற ரகம் இல்லை.

“இந்த ஆத்துல எல்லாம் எனக்குச் சத்தியம் பண்ணியாச்சு,” என்பாள் வருகிறவர்களிடம். “ஃபிரிட்ஜ், ஃபேன், கொடுவாள், எதிர்த்தாத்து நாய். இவர் ஒருத்தர்தான் பாக்கி. கல்யாணத்தன்னிக்கு மந்திரம் புரியல்லேன்னு வெறுதே தலையை ஆட்டிண்டு உக்காந்திருந்தார்.”

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஜன்னலைப் போய்த் தட்டுவார்.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்தது வடக்கே பனிக்கடலிலிருந்து. அவர் வேலை பார்த்த கப்பலில் தலைமை இன்ஜினியர் ஒரு நார்வேக்காரர். இன்ஜின் அறையில் வேலை இல்லாத நேரத்தில் அந்த மனிதர் தன் ஊர்ப் பழைய சாமிகளைப் பற்றிச் சொல்வாராம். ஒரு பெரிய மரம், அதில் ஒன்பது உலகங்கள். ஞானத்துக்காக ஒற்றைக் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த ஓடின், அவன்தான் எல்லாருக்கும் தலைவன். சுத்தியலோடு திரியும் முரட்டு தோர். உலகத்தையே சுற்றி வளைத்துத் தன் வாலைத் தானே கவ்விக் கிடக்கும் பாம்பு. கூடவே இருந்து குழி பறிக்கும் கோமாளி லோகி. ஓடினுக்கு ஒரு பிள்ளை, பால்டர். எல்லாருக்கும் செல்லம், வெள்ளை வெளேரென்று இருப்பான். அவன் சாகப்போவதாகக் கனவு வருகிறது. அவன் அம்மா உடனே கிளம்பி ஒன்றுவிடாமல் எல்லாவற்றிடமும் போய்ச் சத்தியம் வாங்குகிறாள். தீ, தண்ணீர், இரும்பு, கல், நோய், விஷம், எல்லாம் சத்தியம் பண்ணுகின்றன. மரத்தில் ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு சின்னச் செடியை மட்டும், இது பச்சைக் குழந்தை, இதனிடம் போய் என்ன கேட்பது என்று விட்டுவிடுகிறாள்.

“லோகி அந்தச் செடியைக் குச்சியாச் சீவி, ஒரு கண்ணு தெரியாதவன் கையில குடுத்து எறியச் சொன்னான். புள்ளை போயிட்டான்,” என்றார்.

எனக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. “மாமா, இது சின்ன எழுத்து விவகாரம். பாலிசியில விலக்குன்னு ஒரு பத்தி உண்டு, அதை யாரும் படிக்கறதில்லை. நான் இருந்திருந்தா அந்தம்மாகிட்ட அப்பவே சொல்லியிருப்பேன்.”

“நீ சொல்லியிருக்க மாட்டே. நீதான் குச்சி சீவியிருப்பே,” என்றார். அன்றிலிருந்து நான் லோகி.

எங்கள் மாடிக்கும் அவர் வீட்டுக்கும் பொதுவாக முற்றத்தில் ஒரு மாமரம் இருந்தது. அதன் கிளையில், இங்கே இத்திக்கண்ணி என்று சொல்கிறார்களே, அந்தப் புல்லுருவி பிடித்திருந்தது. மற்ற எல்லாவற்றிடமும் பேசுகிறவர் அதனிடம் மட்டும் பேச மாட்டார். துறட்டியை நீட்டிப் பிடுங்கி எறிவார். பறவைகள் மறுபடி விதையைக் கொண்டுவந்து ஒட்டிவிடும், மறுபடி பிடுங்குவார்.

“அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டாப் போச்சு, மாமா.”

“வேண்டாம். கேட்டா நம்பிப் போயிடுவேன்.”

இனி என் வீரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் மரண பயம் விற்பவனுக்குச் சரக்கு வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே ஸ்டாக் இருக்கும். லிஃப்ட் நின்றுவிடும் என்று பயம். படகு கவிழும் என்று பயம். இடது கை மரத்தால் நெஞ்சு, வலது கை மரத்தால் மூளை, இரண்டும் மரக்காவிட்டால் நரம்பு செத்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் பலாப்பழம் தின்றுவிட்டுப் படுத்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மனைவி ஆபீசில். மாடிப்படியில் இறங்கும்போதே என் இரங்கல் கூட்டத்தில் யார் யார் பேசுவார்கள் என்று தீர்மானித்துவிட்டேன். கீழே போய் அவர் முன்னால் ஈஸிசேரில் விழுந்தேன்.

“மாமா, போறேன்.”

“எங்கே?”

“மேலே.”

“இப்பதான் அங்கேருந்து வந்தே,” என்றாள் மாமி உள்ளேயிருந்து.

அவர் சிரிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், எங்கே வலி என்று கேட்டார், வியர்வை இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டார். அப்புறம் என் மார்பில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. “இவனை ஒண்ணும் பண்ணப்படாது. ஜோக்கெல்லாம் மகா மோசம், ஆனாலும் கேக்க ஆள் இருக்கோம். சத்தியம்?” காதை வைத்துக் கேட்டார். என்னிடமிருந்து நீளமாக ஓர் ஏப்பம் வந்தது.

“பண்ணியாச்சு,” என்றார்.

நடந்ததை இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் ராத்திரி பகல் எப்போது நெஞ்சு படபடத்தாலும் அந்த இரண்டு தட்டை நினைத்துக்கொள்வேன். டாக்டர் தந்த மாத்திரையைவிடச் சீக்கிரம் கேட்டது. டாக்டரிடம் சொல்லவில்லை.

நவராத்திரிக்கு மாமி கொலு வைப்பாள். ஊரில் பாதித் தமிழ்ப் பெண்டுகள் அதைப் பார்க்க வருவார்கள், ஏனென்றால் அது வேறெங்கும் கிடைக்காத கொலு. ஒன்பது படி. “ஒம்பது படி, ஒம்பது லோகம். கணக்கு சரியாப் போச்சு,” என்று அவர் தன் பனிக்கடல் சாமிகளையும் உள்ளே நுழைத்துவிட்டார். அவற்றுக்கென்று பொம்மை எங்கே வாங்குவது? இருந்ததையே மாற்றினார். செட்டியார் பொம்மைக்கு ஒரு கண்ணில் கறுப்புப் பூசி, இரண்டு பக்கமும் மண் காக்கையை வைத்தால் ஓடின். பீமனின் கதாயுதத்தைப் பிடுங்கிவிட்டுச் சுத்தியலைக் கொடுத்து, சிவப்புத் தாடி ஒட்டினால் தோர். குதிரைக்குத் தீக்குச்சியில் நாலு கால் கூட்டினால் ஓடினின் எட்டுக்கால் குதிரை. காளிங்கன் தலையிலிருந்து கிருஷ்ணனை இறக்கிவிட்டுப் பாம்பைக் கீழ்ப்படியைச் சுற்றி வளைத்தால் உலகப் பாம்பு. கிருஷ்ணன் அந்த வருஷத்திலிருந்து தனியாக, எதன் மேலும் ஆடாமல், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

லோகிக்கு மட்டும் பொம்மை இல்லை. “மாடியில ஒருத்தன் இருக்கானே, அது மதி, வேறே எதுக்கு?” என்றார்.

எல்லாவற்றையும் மாமி பொறுத்துக்கொண்டாள். மரப்பாச்சியில் கை வைத்தபோதுதான் வீடு இரண்டுபட்டது. கல்யாணத்தின்போது அவள் அம்மா கொடுத்த ஜோடி, சிவப்பு மரத்தில் ஒரு ஆணும் பெண்ணும். அதில் ஆண் பொம்மையை எடுத்து வெள்ளைப் பெயிண்ட் அடித்து, பால்டர் என்று நிறுத்திவிட்டார்.

“என்னைக் கேக்க வேண்டாமோ? எங்கம்மா குடுத்ததாக்கும் அது!”

“பாதிதான் அடிச்சேன். உன் பாதி சிவப்பாத்தானே இருக்கு?”

“வெள்ளைக்காரன் பக்கத்துல என்னை நிறுத்தியிருக்கேள்.”

“நீ பக்கத்துல நிக்கறதாலதான் அவனுக்கு அழகே.”

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

வந்த பெண்மணிகளில் ஒருத்திக்குச் சந்தேகம். சாகிற சாமியைப் போய் எதற்குக் கும்பிடுவது? அந்த ஊர் சாமிகள் கடைசியில் ஒரு பெரிய சண்டையில் எல்லாரும் செத்துப்போவார்கள், அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார். “அதுக்காக்கும் கும்பிடறது. சாகப் போறோம்னு தெரிஞ்சுண்டும் கார்த்தால எழுந்து பல்லைத் தேய்ச்சுண்டு அவா அவா வேலைக்குப் போறா. நம்ப சாமிக்கு என்ன, சாவே கிடையாது. தைரியமா இருக்கறதுல என்ன கெட்டிக்காரத்தனம்?”

அந்தப் பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எந்தச் சாமிக்காக என்று தெரியவில்லை.

கொலு முடிகிற நாள் சாயங்காலம் ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். அன்றைக்குச் சாமிகள் தூங்கப் போகிறார்கள், மறுநாள் பெட்டிக்குள் போய்விடுவார்கள் என்று அர்த்தம். அந்த வீட்டில் ஒவ்வொரு வருஷமும் படுப்பது பால்டர்தான். அவர் வெள்ளை மரப்பாச்சியை ஒரு கையால் தலையைத் தாங்கி, கைக்குழந்தையைப் போல இறக்குவார். உடனே மாமி சிவப்பை எடுத்துப் பக்கத்தில் படுக்க வைப்பாள். கதையிலும் அப்படித்தான். பால்டர் செத்ததும் அவன் பெண்டாட்டி நெஞ்சு வெடித்து விழுந்துவிடுகிறாள், இருவரையும் ஒரே கப்பலில் வைத்து எரிக்கிறார்கள்.

கடைசியாக அவர் இருந்த கொலுவில் இதில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. மாமி சிவப்பை எடுக்கக் கை நீட்டியபோது அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பொம்மைக்குக் குனிகிற மாதிரி அவள் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். விரல் முட்டியால் அவள் உள்ளங்கையில் இரண்டு தட்டு. மாமி வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு, “போறுமே, நாடகம்,” என்று சிவப்பைப் படுக்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் போவதற்கு முன்னால் தலையை ஆட்டினாள். நான் பார்த்தேன்.

“மாமிகிட்டயே சத்தியமா? என்ன கேட்டேள்?”

“செத்துப்போன பால்டர் காதுல ஓடின் என்னவோ சொன்னான். அது என்னன்னு இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்லணுமோ?”

அவரைப் பயமே இல்லாத மனிதர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று தெரிந்தது பள்ளுருத்திக்கு ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனபோது. ஏறியதுமே வழக்கம்போல டிரைவருக்குப் பின்னாலிருந்த கம்பியைத் தட்டினார். டிரைவர் திரும்பி, “எந்தா சேட்டா?” என்றான். இவர் விவரம் சொன்னார். “சத்யம் செய்து. இனி ஒன்னு இரிக்கு,” என்று அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

இறங்கிய இடத்தில், நடைபாதையில், மாமிக்கு வந்துவிட்டது. அப்படியே சாய்ந்தவளை அவர் விழவிடாமல் தாங்கி இறக்கினார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோளிலிருந்த தோர்த்துத் துண்டை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். “அதெல்லாம் வேண்டாம், காத்து வரட்டும்,” என்று மட்டும் சொன்னார். ஒரு ஜோக் இல்லை. நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். எனக்கும் மயக்கம் வருகிற மாதிரி இருந்ததால் ஒரு மளிகைக்கடைப் பலகையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

மாமி கண்ணைத் திறந்தாள். முதலில் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். “எத்தனை பேர் பாத்தா?”

“ஒருத்தரும் பாக்கல்லே. எல்லாரும் மொபைல் பாத்துண்டிருந்தா.”

அவளை ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, அவள்மேல் வெயில் படாமல் பிடித்திருந்த குடையை மடக்கப் போனார். மடக்க முடியவில்லை. பொத்தானை விரல் தேடிக்கொண்டேயிருந்தது. நான் வாங்கி மடக்கிக் கொடுத்தேன்.

“என்னடா பாக்கறே?” என்றார் தாழ்ந்த குரலில். “நீ பயந்தா ஊரே கேக்கும். நான் பேடிச்சா குக்கர் மட்டும் கேக்கும். அவ்வளவுதான் வித்யாசம்.”

கர்க்கடகத்தில், நம் ஆடி மாத மழையில், ஒரு நாள் மாமியின் மாத்திரை எங்கள் பக்கத்துக் கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. கலூரில் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் போகிறேன் என்றேன். “நீ போனா உனக்கும் சேத்து மருந்து வாங்கிண்டு வருவே,” என்று அவரே கிளம்பினார். திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் எனக்கு போன் செய்தார். மருந்து கிடைத்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறேன், மாமியை அதுவரை கிணற்றடிக்கு விடாதே, அவ்வளவுதான்.

அதே நம்பரிலிருந்து மறுபடி போன் வந்தபோது பேசியது கண்டக்டர். சேட்டன் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறார் என்று நினைத்ததாகவும், கடைசி ஸ்டாப்பில் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை என்றும், கடைசியாகப் பேசிய நம்பர் இது என்றும் சொன்னான். கையில் மாத்திரைப் பொட்டலம் இருக்கிறதாம். பிடித்தது பிடித்தபடியே இருக்கிறதாம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த பஸ் வாக்குத் தவறவில்லை. பத்திரமாகக் கொண்டுவந்துதான் சேர்த்தது.

வாழ்நாள் முழுக்க நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பீதி அன்றைக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. வெறிச்சென்று இருந்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் என் செருப்பும் இன்னொன்றில் மனைவியின் செருப்புமாகக் கீழே போனேன். எப்படிச் சொல்வது என்று படியில் யோசித்து வைத்ததெல்லாம் வாசலில் மறந்துவிட்டது. மாமி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“ஜோக் சொல்லாம வந்து நிக்கறயே,” என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். “பஸ்ஸா?”

“பஸ் ஒண்ணும் பண்ணல்லே, மாமி. நெஞ்சு.”

“நெஞ்சா,” என்றாள். நறுக்கின வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். “அதுகிட்ட நான் கேட்டிருக்கணும்.”

உறவுக்காரர்கள் பாலக்காட்டிலிருந்து வந்தார்கள். தேவராவிலிருந்து அவருடைய கப்பல் சிநேகிதர்கள் வந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். மழை விடவில்லை. சுவரில் ஈரம் இறங்கியது, உத்தரம் சொட்டியது, அவர் இருந்தால் அன்றே மாற்றியிருக்கக்கூடிய குழாய் வாஷர் போய் சமையலறைக் குழாய் ஓயாமல் ஒழுகியது. அந்தக் கதையிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. உலகத்தில் உள்ள அத்தனையும் அழுதால் பால்டரைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சாவுலகத்தின் ராணி சொல்கிறாள். மனிதர், மிருகம், கல், உலோகம் எல்லாம் அழுகின்றன. ஒரே ஒருத்தி மட்டும் குகையில் உட்கார்ந்துகொண்டு அழ மாட்டேன் என்கிறாள். அது பெண் வேஷம் போட்ட லோகிதான் என்று சொல்வார்கள். அவனால் பால்டர் திரும்பவேயில்லை.

இங்கே அழாதவர்கள் இரண்டு பேர். லோகியும் மாமியும்.

எனக்கு ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை. குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்ணாடியில் முகத்தைக் கோணலாக்கிப் பார்த்தேன். கண்ணீர்ச் சுரப்பி வற்றும் நோய் இருக்கிறதா என்று மொபைலில் தேடினேன். இருக்கிறது. மூன்று நாள் அந்தப் பயத்தில் கழிந்தது.

மாமி அழாததை மற்றவர்கள் வேறு விதமாகப் பேசினார்கள். தூக்குவதற்கு முன்னால் அவள் குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னாள். அதைப் பார்த்துத்தான் பலரும் அழுதார்கள். நிமிர்ந்தபோது அவள் கண் மட்டும் காய்ந்திருந்தது. “கல்லு மனசு,” என்று ஒரு அத்தை சாயா ஆற்றிக்கொண்டே சொன்னது மாமி காதில் விழுந்தது. அவள் அந்த அத்தைக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அன்று ராத்திரி வேளைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். அந்தப் பொட்டலத்திலிருந்துதான்.

நவராத்திரி வந்தது. சாவு வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது, கொலுவும் கிடையாது. சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது கீழ் வீட்டுக் கூடத்தில் விளக்கு தெரிந்தது. உள்ளே போனால் ஒன்பது படி இல்லை, தரையில் ஒரே ஒரு பலகை. அதன்மேல் ஒற்றைக்கண் செட்டியார், இரண்டு காக்கை, சிவப்புத் தாடி பீமன், எட்டுக்கால் குதிரை, சுற்றிலும் பாம்பு. நடுவில் வெள்ளையும் சிவப்புமாக மரப்பாச்சி ஜோடி. நம் சாமி ஒருவர்கூட இல்லை.

“மாமி, தீட்டு இல்லையா?”

“தீட்டு நம்ப சாமிகளுக்கு. அதான் அவா பெட்டிக்குள்ளே இருக்கா. இவாளுக்கு என்ன தீட்டு? இவாளே செத்துப் போறவாளாக்கும்.”

வெற்றிலைபாக்குக்கு ஒருவரும் வரவில்லை. கைம்பெண் வீட்டுக்கு யார் வருவார்கள்? நான் மட்டும் தினமும் போனேன். தினமும் சுண்டல் இருந்தது, எனக்கும் ஓடினுக்கும். கடைசி நாள் சாயங்காலமும் நாங்கள் இரண்டு பேர்தான்.

“நீ படுக்க வை,” என்றாள்.

நான் வெள்ளை மரப்பாச்சியை எடுத்தேன். தலையை எந்தக் கையால் தாங்குவது என்று குழம்பி இரண்டு கையாலும் தாங்கினேன். போட்டுவிடுவேனோ என்று மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மரப் பொம்மை, உடையாது, எனக்குத் தெரியும். படுக்க வைத்தேன். வழக்கப்படி சிவப்புக்காகக் கை நீட்டினேன்.

“அதை எடுக்காதே.”

“ஜோடியாச்சே மாமி.”

“எடுக்காதேன்னேன். போன வருஷம் இதே எடத்துல என் கையைப் பிடிச்சுண்டு கேட்டார். என்னன்னு தெரியுமோ நோக்கு?” அவள் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் முன்னாடி போனா பால்டர் பெண்டாட்டி மாதிரி நீ பண்ணப்படாது, அழுது தூக்கம் கெட்டு விழுந்து வைக்கப்படாது, மாத்திரையை விடப்படாது, சத்தியம்னார். நானும் எங்கேயோ பராக்குப் பாத்துண்டு தலையை ஆட்டிட்டேன். அவர் கல்யாணத்துல ஆட்டின மாதிரி.”

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். அன்றைக்கு வரவில்லை.

“இந்த ஆத்துல ஒண்ணும் என்னை ஒண்ணும் பண்ணல்லேடா. அடுப்பு, கத்தி, கெணறு, எல்லாம் வாக்குக் காப்பாத்தித்து. கேக்காம விட்டது ஒண்ணுதான். நான் வெளையாட்டாச் சொல்லிண்டிருந்தேன், இவர் ஒருத்தர்தான் பாக்கின்னு.” குழாய் சொட்டும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. “எல்லாரும் கல்லு மனசுங்கறா. சொல்லட்டும். நான் சத்தியம் பண்ணியிருக்கேன். நீ பண்ணல்லியே?”

“என்ன மாமி?”

“நீ ஒண்ணும் அவருக்கு வாக்குக் குடுக்கல்லியே. நீ அழலாம். எனக்கும் சேத்து அழேன், லோகி.”

அவர் தவிர யாரும் என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது. முதலில் விக்கல் என்றுதான் நினைத்தேன், பிறகு நெஞ்சு என்று நினைத்தேன், இடது கையைக்கூடத் தடவிப் பார்த்தேன். அப்புறம் மூக்கு, கண், வாய் எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டது. ஐம்பதை நெருங்கும் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு அழுதேன். மாமி எழுந்திருக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கண்களை அகலத் திறந்து, இமைக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாகத்தில் இருப்பவர்கள் தண்ணீரைப் பார்ப்பதுபோல.

நான் ஓய்ந்தபோது அவள் கேட்டாள். “ஆச்சா?”

“ஆச்சு மாமி.”

“இன்னும் கொஞ்சம்,” என்றாள்.

பலகையில் வெள்ளை படுத்திருந்தது. சிவப்பு நின்றுகொண்டிருந்தது.